மடியில் கனம்

கண்ணாடி மேஜைமேல் ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு. அதில் மூன்று கைத்துப்பாக்கிகளை வரிசையாக வைத்துவிட்டு, கடைக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?"

வீட்டில், அலமாரியில் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தன் சட்டை ஓரத்தை லேசாகத் தூக்கிக் காட்டினார். பெல்ட்டுக்கு உள்பக்கம், வலது இடுப்பில், கறுப்பாக ஒரு கைப்பிடி. அரை மணி நேரமாக அவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரிடம் துப்பாக்கி இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. "அதுதான் விஷயம். இவ்வளவு நேரம் உங்களுக்குத் தெரியவில்லை பாருங்கள்" என்று சிரித்தார்.

நான் என் வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். இங்கே.

இது 2023 கோடைகாலம். டாலஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் ஆலன் என்ற ஊர் வரும். அங்கே ஒரு பெரிய அவுட்லெட் மால் இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் கூட்டிப்போகும் இடம் அது. மாமனார் மாமியார் வந்தாலும் சரி, நண்பனின் தங்கை வந்தாலும் சரி, கடைசி வாரத்தில் ஷூவும் கைப்பையும் வாங்க அங்கே ஒரு நடை உண்டு. 2023 மே 6, சனிக்கிழமை மதியம், அந்த மாலில் ஒருவன் காரிலிருந்து இறங்கிச் சுட ஆரம்பித்தான். எட்டுப் பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ஹைதராபாத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த ஓர் இளம் பொறியாளரும் உண்டு. வேறு வேலையாக அங்கே இருந்த ஒரு காவலர் சத்தம் கேட்டு ஓடிப்போய் அவனைச் சுட்டு வீழ்த்தினார்.

அன்று நாங்கள் அங்கே போகவில்லை. முந்தைய சனிக்கிழமை போயிருந்தோம்.

மதுரைக்கார நண்பன் ஒருவன் எனக்கு இங்கே உண்டு. அதே வாரம் வீட்டுக்கு வந்தவன் சொன்னான்: "மாப்ள, அந்த போலீஸ்காரரு வேற சோலியா வந்தவரு. அன்னைக்கு அவரு லீவு போட்டிருந்தா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவனிடம் இருந்தது. அவன் இரண்டு வருடமாக இடுப்பில் துப்பாக்கியோடுதான் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசையில் நின்றிருந்தால், என் மகள் கல்லூரிக்குப் போகும்போதும் நான் நின்றுகொண்டுதான் இருப்பேன். என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். மனைவி பிறந்த நாட்டின் கணக்கில் கணவனும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. எனக்கு அப்படித்தான் சீக்கிரம் கிடைத்தது. ஆக, துப்பாக்கி வாங்கும் தகுதி எனக்கு அவள் பிறந்த ஊரால் வந்தது. இதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மற்றது டெக்சஸ் பார்த்துக்கொண்டது. 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே, 21 வயதாகி, சட்டப்படி தடையில்லாத ஒருவர் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லை. வாங்க வேண்டியது, இடுப்பில் சொருக வேண்டியது, அவ்வளவுதான்.

எது வாங்குவது என்பதுதான் மிச்சம். நான் மென்பொருள்காரன். முடிவெடுக்க வேண்டுமென்றால் எக்ஸலைத் திறப்பேன். வீட்டுக் கணக்கு வைத்திருக்கும் கோப்பிலேயே நான்காவதாக ஒரு தாளைச் சேர்த்தேன். எடை, அகலம், குழலின் நீளம், தோட்டாக்களின் எண்ணிக்கை, விலை. இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நிரப்பினேன். உண்மையைச் சொன்னால், ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்தேன்.

பிரச்சினை எளிமையானது, அதனாலேயே அழகானது. மறைத்து வைக்க எளிதான துப்பாக்கி சுடுவதற்குக் கடினம். சுடுவதற்கு எளிதானது மறைக்கக் கடினம். தோட்டாவின் உந்தம் எந்தத் துப்பாக்கியிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அது பின்னால் திரும்பி வரும்போது, துப்பாக்கி கனமாக இருந்தால் அந்தக் கனம் வாங்கிக்கொள்ளும். லேசாக இருந்தால் உங்கள் மணிக்கட்டு வாங்கிக்கொள்ளும்.

விரிப்பில் இருந்த மூன்றில் முதலாவது க்ளாக் 19. ஆஸ்திரியாக்காரர்களின் தயாரிப்பு, 1988-இல் வந்தது. அவர்களுடைய முழு அளவுத் துப்பாக்கியான க்ளாக் 17-ஐக் குழலிலும் கைப்பிடியிலும் குறைத்துச் செய்தது. 9 மி.மீ., 15 தோட்டாக்கள், நிரப்பினால் சுமார் 850 கிராம். உலகம் முழுக்கக் காவல் துறைகள் வைத்திருக்கின்றன. அம்பாசடர் கார் மாதிரி. அழகில்லை, நின்றும் போகாது.

இரண்டாவது சிக் சாவர் பி365. 2018-இல் இது வந்தபோது சின்னத் துப்பாக்கிகளின் கணக்கே மாறிப்போனது. அதுவரை உள்ளங்கையளவு 9 மி.மீ. பிஸ்டலில் ஆறு, ஏழு தோட்டாக்கள்தான் பொதுவாகப் போகும். தோட்டாக்களை நேர்வரிசையில் அடுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று சற்றுத் தள்ளி அடுக்கி, மேலே போகப் போக ஒடுங்கும்படி மேகசினை வடிவமைத்து, ஏறக்குறைய அதே அளவில் பத்தை அடைத்துவிட்டார்கள். பொறியாளனாக எனக்கு அந்த மேகசின்மேல் காதலே வந்துவிட்டது.

மூன்றாவது க்ளாக் 43எக்ஸ், 2019. அதிலும் பத்துதான். ஆனால் உடம்பு ஒல்லி, கைப்பிடி மட்டும் நீளம். பி365-ஐப் பிடித்தால் சுண்டுவிரலுக்கு இடம் போதாமல் தொங்குகிறது. இதில் ஐந்து விரலும் உட்காருகிறது.

மூன்றையும் வாடகைக்கு எடுத்து, காதுக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சுட்டுப் பார்த்தேன். ஏழு கெஜத்தில் காகித மனிதன். க்ளாக் 19-இல் என் ஓட்டைகள் ஒரு சாசருக்குள் அடங்கின. பி365-இல் சாப்பாட்டுத் தட்டளவுக்குப் பரவின. 43எக்ஸ் இரண்டுக்கும் நடுவில். நண்பனின் மனைவியுடைய ரிவால்வரையும் சுட்டேன். ஐந்தே தோட்டா, பையில் இருப்பதே தெரியாத எடை. ட்ரிக்கரை இழுப்பதற்குள் பத்தாவது தோட்டாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நிறையப் பேர் மனைவிக்கென்று வாங்கித் தருவது அதைத்தான். சின்னது, ஆகவே சுலபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது பாதுகாப்புப் பொத்தான். க்ளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் பொத்தான் கிடையாது. ட்ரிக்கரின் நடுவிலேயே ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. அதையும் சேர்த்து அழுத்தினால்தான் சுடும். கீழே விழுந்தால் வெடிக்காமலிருக்க உள்ளே இன்னும் இரண்டு தடைகள். ஆனால் விரலோ சட்டை நுனியோ ட்ரிக்கருக்குள் போய் அழுத்திவிட்டால் அது கேள்வி கேட்காது. அதனால்தான் அனுபவசாலிகள் துப்பாக்கிக்குச் சமமாக உறையைப் பற்றிப் பேசுகிறார்கள். ட்ரிக்கரை முழுதாக மூடும் கெட்டியான உறை, அதைத் தாங்கும் தடித்த பெல்ட், எடுத்தபின் திரும்ப வைக்கும்போது அவசரப்படாமை. துப்பாக்கியை உறைக்குள் திருப்பி வைக்கும் அந்த நொடியில்தான் ஆட்கள் தங்கள் தொடையையே சுட்டுக்கொள்கிறார்கள்.

பெரியப்பாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. பெரியகுளம் பக்கம் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். முடிந்ததும் போய்த் திரும்ப எடுத்து வருவார். எண்ணெய் போடுவார், பூட்டுவார், சாவியை இடம் மாற்றி மாற்றி வைப்பார். அது ஒருமுறைகூட வெடித்து நான் பார்த்ததில்லை. அந்தத் துப்பாக்கியைக் காவல் காப்பதே அவருக்கு ஒரு வேலையாக இருந்தது.

வாங்குவதற்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாமென்று தோன்றியது. சமையலறைத் தராசில் 850 கிராம் துவரம்பருப்பை நிறுத்து, ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, டேப் சுற்றி இறுக்கி, வலது இடுப்பில் பெல்ட்டுக்குள் சொருகிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை முழுக்க அதோடு இருப்பது என்று தீர்மானம்.

காரில் ஏறினால் விலாவில் குத்தியது. கடையில் கீழ்த்தட்டிலிருந்து பால் எடுக்கக் குனிந்தால் சட்டை தூக்கிக்கொண்டு பருப்பு எட்டிப் பார்த்தது. கழிப்பறையில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோயிலுக்குப் போனோம். அங்கே கண்ணாடிக் கதவில், செருப்பைக் கழற்றிவிடச் சொல்லும் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே 30.06 என்ற எண்ணோடு இன்னோர் அறிவிப்பு. மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்பதற்கான டெக்சஸ் சட்டப் பிரிவு அது. ஐந்து வருடமாக அந்தக் கதவு வழியாகப் போய்வருகிறேன், அதைப் படித்ததில்லை. இப்போது கதவைத் திறக்குமுன் இரண்டு விநாடி நின்றேன். என் இடுப்பில் இருந்தது பருப்பு.

எடை ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. பழகாதது வேறு. இட்லிக் கடையில் வாசலைப் பார்த்த நாற்காலியாகத் தேடி உட்கார்ந்தேன். உள்ளே வந்த ஒவ்வொருவரின் கையையும் பார்த்தேன். தொப்பி போட்ட ஒரு பையன் பைக்குள் கைவிட்டபோது என் முதுகு விறைத்தது. அவன் எடுத்தது தள்ளுபடிச் சீட்டு. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று அம்மா சொல்வாள். பயம் இருந்ததால்தான் கனத்தைத் தேடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு நடந்தன.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிவந்து கைகளை நீட்டினாள். மூன்று வயது. நான் எப்போதும் அவளை வலது இடுப்பில்தான் வைத்துக்கொள்வேன். தூக்கினேன். அவள் தொடை பருப்புப் பையில் இடித்தது. "அப்பா, என்ன இது?" என்று கையை உள்ளே விட்டாள்.

என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் என்னோடு கல்லூரியில் படித்தவள், என்னிடம் சாதாரணமாகப் பேசும்போது சென்னைத் தமிழில்தான் பேசுவாள். கோபமோ கவலையோ வந்தால் பிறந்த ஊருக்குப் போய்விடுவாள்.

"உங்களுக்கு இப்ப என்னத்துக்குத் துவக்கு?"

அவர்கள் ஊரில் துப்பாக்கியைத் துவக்கு என்பார்கள். கல்லூரியில் முதன்முதலாக அதைக் கேட்டபோது 'தொடங்கு' என்று சொல்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஆலனைப் பற்றிச் சொன்னேன். நண்பனின் கேள்வியைச் சொன்னேன். மகளைக் காட்டினேன். அவள் முழுதும் கேட்டாள். பிறகு எனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததே, அதற்குக் கொஞ்ச நாள் முன்பு. அவளுக்கு எட்டு வயது. "ஒரு ராத்திரி சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் வந்தவன். துவக்கை அறைக்குள்ள சுவரோட சாத்தி வைச்சிட்டு நித்திரையாப் போயிட்டான். அம்மம்மா விடியும்வரை நித்திரை கொள்ளேல்ல. வாசலைப் பாக்கேல்ல, துவக்கைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ. அது இருக்கிற வீட்டுக்கு அதோடதான் ஆக்கள் வருவினம் எண்டு சொன்னவ."

நான் வாதாடினேன். அது யுத்தம், இது வேறு. இங்கே பெட்டகத்தில் பூட்டி வைப்பேன். 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி வைத்தால் டெக்சஸிலும் குற்றம்தான். எக்ஸலைக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள். நான்காவது தாள். "மற்றத் தாளெல்லாம் என்ன?" என்று கேட்டாள். "வீட்டுக் கணக்கு" என்று மூடிவிட்டேன்.

43எக்ஸ் என்று முடிவானது. அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு படிவம் கொடுத்தார். 4473 என்று பெயர். உரிமம் பெற்ற கடையில் யார் துப்பாக்கி வாங்கினாலும் அதை நிரப்ப வேண்டும். அதை வைத்து எஃப்.பி.ஐ.யின் பதிவுகளில் சரிபார்ப்பார்கள். பெரும்பாலும் சில நிமிட வேலை. வரிசையாகக் கேள்விகள், ஆம் அல்லது இல்லை. குற்ற வழக்கு உண்டா? இல்லை. போதைப்பொருள்? இல்லை. மனநலக் காரணத்துக்காக நீதிமன்றம் உங்களைத் தகுதியற்றவர் என்று அறிவித்ததுண்டா, மருத்துவமனையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டதுண்டா?

இல்லை. அது முழு உண்மை. பேனாவை அந்தக் கட்டத்தின்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

2022 நவம்பரில் எனக்கு வேலை போனது. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. ராத்திரி தூக்கம் வராது. காரை எடுத்துக்கொண்டு எங்காவது போகலாம் என்று தோன்றும். எங்கே என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம். சாவி எப்போது பார்த்தாலும் வைத்த இடத்தில் இருக்காது. தேடித் தேடி அலுத்து, என் மறதியைத் திட்டிக்கொண்டு, திரும்பப் போய்ப் படுத்துவிடுவேன். ஜனவரியில் மனைவி பிடிவாதமாக மருத்துவரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை. மார்ச்சில் வேறு வேலை. கடந்து வந்துவிட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எக்ஸல் கோப்பின் மூன்றாவது தாள் அந்த டிசம்பரில் எழுதியது. தலைப்பு வைக்கவில்லை. ஷீட் 3 என்று மட்டும் இருக்கும். ஆயுள் காப்பீட்டுத் தொகை, வீட்டுக் கடன் மீதி, மகளின் படிப்புச் செலவு. நான் இல்லாவிட்டால் கணக்கு நேராகிறதா என்று பார்த்திருந்தேன். நேராகத்தான் ஆகியிருந்தது.

அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்குமேல். கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் தங்களைச் சுட்டுக்கொண்டு சாகும் வாய்ப்பு, வைத்திருக்காத ஆண்களைவிட எட்டு மடங்கு என்றது. பெரும்பாலான நெருக்கடிகள் கடந்து போகக்கூடியவை. சாவியைத் தேடும் நேரத்தில்கூடக் கடந்து போகும். துப்பாக்கி அந்த நேரத்தைத் தருவதில்லை. ஒப்பீட்டுத் தாள் தயாரித்த இரண்டு வாரமும் இந்த எண்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்கென்று ஒரு பத்தி நான் சேர்க்கவில்லை. எதிரி யார் என்ற கேள்விக்கு மாலில் இறங்கியவனை மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

பேனாவை வைத்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம்" என்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, ஏன் என்று கேட்கவில்லை. படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அவசரமே இல்லை" என்றார். துப்பாக்கியைத் திரும்பக் கண்ணாடிக்குள் வைத்தார்.

அன்றிரவு மகள் தூங்கியபின் மூன்றாவது தாளைத் திறந்து மனைவியிடம் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் வரி வரியாகப் படித்தாள்.

"எனக்குத் தெரியும். கார்த் திறப்பை நான்தான் ஒளிச்சு வைச்சனான். ஒவ்வொரு ராத்திரியும்."

திறப்பு என்றால் அவர்கள் ஊரில் சாவி.

இதை எழுதுவதால் துப்பாக்கி வைத்திருக்கும் யாரையும் நான் குறை சொல்லவில்லை. மதுரைக்காரன் இன்னும் வைத்திருக்கிறான். மாதம் இரண்டு முறை பயிற்சிக்குப் போகிறான், மது தொடுவதில்லை, குரல் உயர்த்துவதில்லை. அவன் எதிரி வெளியே இருப்பவன். என்னுடைய ஷீட் 3 அவனிடம் இல்லை. இருந்தால் என்னிடம் சொல்வானா என்று சில சமயம் யோசிப்பேன். ஒருநாள் கேட்டுவிட்டேன். முதலில் சிரித்தான். அப்புறம், "அப்படி ஏதாச்சும்னா ஒங்கிட்டதான் மாப்ள கொண்டாந்து குடுப்பேன்" என்றான். என் வீட்டில் கொடுக்காதே, வேறு யாரிடமாவது கொடு என்றேன்.

போன வருடம் அவனுடைய பெற்றோர் வந்திருந்தார்கள். கடைசி வாரம், வழக்கம்போல, ஆலன் மாலுக்குக் கூட்டமாகப் போனோம். அவன் அம்மாவுக்கு நடக்க வசதியாக ஒரு ஷூ வேண்டும். நல்ல வெயில். கார் நிறுத்துமிடத்திலிருந்து கடைவரை நடக்கமாட்டேன் என்று மகள் கையை நீட்டினாள். பதினாறு கிலோ. வலது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனபிறகுதான் கவனித்தேன். அவன் சட்டையின் ஓரம் லேசாகப் புடைத்திருந்த பக்கமாகவே நான் நடந்துகொண்டிருந்தேன்.